மூன்று சமயத்தாருக்கு ஒரே காணிக்கை: இலங்கையில் தமிழ்க் கல்வெட்டு நாட்டிய சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே

இலங்கையின் தென்கோடித் துறைமுக நகரமான காலியில், கிரிப்ஸ் சாலையில் இருந்த சிறுபாலம் ஒன்றின் மேல்மூடியாகக் கற்பலகை ஒன்று கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. 1911-ஆம் ஆண்டு எஸ்.எச். டோமலின் என்ற பொறியாளரின் கண்ணில் அது பட்டது. புரட்டிப் பார்த்தபோது மறுபுறம் எழுத்துகள் நிறைந்திருந்தன. வலப்பக்கத்தில் சீனம், இடப்பக்கத்தின் மேற்பகுதியில் தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். தலைப்பகுதியில் ஒன்றையொன்று நோக்கியவாறு இரண்டு டிராகன்கள் செதுக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 5 அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

கல்லில் குறிக்கப்பட்டுள்ள நாள் 1409-ஆம் ஆண்டு பிப்ரவரி 15. மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் அதைக் கொண்டுவந்து நாட்டியவர், இந்தியப் பெருங்கடலில் ஏழு முறை பெருங்கப்பற்படையுடன் பயணம் செய்த செங் ஹே. பிறப்பால் அவர் ஒரு முஸ்லிம்.

மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தாலும், ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி, இன்று தெவுந்தர என வழங்கும் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. திருமாலின் வடிவமாக அக்காலத்தில் வணங்கப்பட்டவர் அவர். பெரிதும் சிதைந்துவிட்ட பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு உரியது. ஆனால் காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றே. பொன் 1,000, வெள்ளி 5,000 என்ற கணக்கில் தொடங்கி, பட்டு, நறுமண எண்ணெய், பூசைக்குரிய கலங்கள் என்று நீள்கிறது. எந்தச் சமயத்தாருக்கும் கூடவோ குறையவோ கொடுக்கப்படவில்லை.

இந்தக் கல்லில் உள்ள மொழிகளைப் போலவே, இல்லாத மொழியும் கவனத்துக்குரியது. கல் நாட்டப்பட்ட தீவின் பெரும்பான்மை மொழியான சிங்களம் இதில் இல்லை. அரசவையை நோக்கி அன்றி, துறைமுகத்தை நோக்கியே இந்தக் கல் பேசியது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கடலில் சரக்கை விலைபேசியவர்கள் தமிழ் வணிகர்களும், பாரசீகமும் அரபும் பேசிய முஸ்லிம் வணிகர்களும்தான். செங் ஹே புதிய கடல்வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வழிக்குள், அதன் மொழிகளைத் தெரிந்துகொண்டு நுழைந்தார். அந்த மொழிகளில் ஒன்று அவருடைய குடும்பத்தின் பழைய நினைவோடும் தொடர்புடையது.

புகாராவிலிருந்து யுன்னான் வரை

சீனாவின் தென்மேற்கு மூலையில், கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள யுன்னான் பகுதியின் குன்யாங் என்ற ஊரில் 1371-ஆம் ஆண்டு செங் ஹே பிறந்தார். அப்போது அவர் பெயர் மா ஹே. முகம்மது என்ற பெயரின் முதல் அசையைச் சீன எழுத்தில் குறிக்க ‘மா’ என்ற குடும்பப் பெயரைச் சீன முஸ்லிம்கள் பரவலாகச் சூடிக்கொண்டிருந்தனர். குப்லாய் கானால் 1274-இல் யுன்னானின் ஆளுநராக அமர்த்தப்பட்ட, புகாராவைச் சேர்ந்த சையித் அஜல் சம்சுத்தீன் உமரின் வழித்தோன்றல்கள் இக்குடும்பத்தார் என்பது மரபுச் செய்தி.

மங்கோலியர் ஆட்சிக் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த முஸ்லிம்கள் சீனாவில் வரி அலுவலர்களாகவும், வானியலாளர்களாகவும், வணிகர்களாகவும் உயர்ந்திருந்தனர். 1267-இல் ஜமாலுத்தீன் என்ற வானியலாளர் பாரசீக முறையிலான வானியல் கருவிகளைக் குப்லாயின் அவைக்கு வழங்கினார். அரபு வணிகர்களால் ஜைத்தூன் என்று அழைக்கப்பட்ட சுவான்சௌ துறைமுகத்தில் பள்ளிவாசல்கள் எழுந்தன. அதே நகரில் 1281-ஆம் ஆண்டு, குப்லாய் கானின் நலம் வேண்டித் தமிழ் வணிகச் சமூகத்தார் சிவன் கோயில் ஒன்றில் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தனர். காலிக் கல்லுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே சீனக் கல்லில் தமிழ் எழுத்து ஏறிவிட்டது என்பதற்கு அது சான்று.

மா ஹேயின் தந்தையும் பாட்டனும் மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று வந்தவர்கள். ஊரார் இருவரையும் ஹாஜி என்றே அழைத்தனர். யுன்னானிலிருந்து மக்காவுக்கான பயணம் அந்நாளில் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. அந்தப் பயணக் கதைகளைக் கேட்டு ஒரு சிறுவன் வளர்ந்திருப்பான் என்று கருதுவதில் பிழையில்லை.

அந்தச் சிறுவயது நெடுநாள் நீடிக்கவில்லை. சீனாவின் மற்றப் பகுதிகளிலிருந்து மங்கோலியரை 1368-இலேயே விரட்டியிருந்த மிங் அரசு, அவர்கள் கையில் எஞ்சியிருந்த யுன்னான் மீது 1381-இல் படையெடுத்தது. போர்க்காலத்தில், 39 வயதே ஆன தந்தை இறந்தார். பத்து வயதைக் கடந்த மா ஹே சிறைப்பிடிக்கப்பட்டு, ஆண்மை நீக்கம் செய்யப்பட்டார். தோற்ற தரப்பின் சிறுவர்களை இவ்வாறு அரண்மனைப் பணியாளர்களான அண்ணகர்களாக மாற்றுவது அன்றைய வழக்கம். பேரரசரின் நான்காம் மகனும் வட எல்லையின் காவலருமான இளவரசர் சூ தியின் இல்லத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். இன்றைய பெய்ஜிங்தான் அந்த இளவரசரின் தலைமையிடம்.

தன் குடும்பத்தை அழித்த அரசுக்கே வாழ்நாள் முழுவதும் அவர் பணிபுரிந்தார். விரும்பி ஏற்ற வாழ்வன்று அது என்பதை அவரைப் போற்றும் நூல்கள் பலவும் விரைந்து கடந்துவிடுகின்றன.

1399-இல் சூ தி, அரியணையில் இருந்த தன் அண்ணன் மகனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். மூன்றாண்டு நீடித்த அந்த உள்நாட்டுப் போரில் மா ஹே களத்தில் நின்று பெயரெடுத்தார். 1402-இல் தலைநகர் நான்ஜிங் வீழ்ந்தது, அரண்மனை தீக்கிரையானது, இளம் பேரரசர் மறைந்தார். யோங்லே என்ற ஆட்சிப் பெயருடன் அரியணை ஏறிய சூ தி, 1404-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில் தன் பணியாளருக்குச் ‘செங்’ என்ற புதிய குடும்பப் பெயரை வழங்கினார். அரசர் தரும் பெயர் பெரும் பேறு. அதே வேளையில், முகம்மது நபியின் பெயரை நினைவூட்டிய பழைய பெயர் அத்துடன் ஏடுகளிலிருந்து விலகியது.

மறு ஆண்டே அவர் செய்த செயல் ஒன்று உண்டு. முதற்பயணத்துக்கான அரசாணை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், சடங்குத் துறை அமைச்சரைக் கொண்டு தந்தைக்கான நினைவுக் கல் ஒன்றின் வாசகத்தை எழுதுவித்தார். குன்யாங்கில் நிற்கும் அக்கல் தந்தையின் இயற்பெயரைச் சொல்வதில்லை. ஹாஜி என்ற பட்டத்தையே சீன எழுத்தில் பெயராகத் தருகிறது.

மூடிய கடல், திறந்த கப்பல்

செங் ஹே பிறந்த 1371-ஆம் ஆண்டில்தான் மிங் அரசின் நிறுவனர், தனியார் கடல் வணிகத்துக்குத் தடை விதித்தார். சுவான்சௌவின் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் அதற்கு முன்பே உள்நாட்டுக் கலவரங்களில் நொறுங்கியிருந்தன. வணிகர்கள் போக முடியாத கடலில், அரசே போக முடிவெடுத்தபோது, அதற்குத் தலைமை தாங்கும் பொறுப்பு ஒரு முஸ்லிமின் மகனுக்குக் கிடைத்தது.

1405-இல் புறப்பட்ட முதற்படையில் ஏறக்குறைய 27,800 பேர் இருந்ததாகச் சீன ஏடுகள் கூறுகின்றன. ‘புதையல் கப்பல்கள்’ என்று பெயர் பெற்ற பெரிய மரக்கலங்கள் மட்டும் 62. அவற்றுள் மிகப் பெரியவை 400 அடிக்கும் கூடுதலான நீளம் கொண்டவை என்ற குறிப்பை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். மரத்தால் அத்தனை நீளக் கப்பல் கட்டினால் அலையில் முறியும் என்பது அவர்கள் வாதம். எனினும் நான்ஜிங்கின் பழைய கப்பல் கட்டும் தளத்தில் 1957-இல் கிடைத்த 11 மீட்டர் நீளச் சுக்கான் தண்டு, அவை சிறு கலங்கள் அல்ல என்பதைக் காட்டியது.

போர்வீரர்களோடு மருத்துவர்களும் எழுத்தர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கப்பலேறினர். மொழிபெயர்ப்பாளர்களில் பலர் முஸ்லிம்கள். பயணங்களைப் பற்றிய சிறந்த நூலை எழுதிய மா ஹுவானும் அவர்களில் ஒருவர். நான்காம் பயணத்துக்கு ஆயத்தமானபோது, அரபு மொழி அறிந்தவரைத் தேடிச் சியான் நகரப் பள்ளிவாசலுக்குச் சென்ற செங் ஹே, அதன் தலைவர் ஹசனை உடன் அழைத்துக்கொண்டார் என்று அப்பள்ளிவாசலின் கல்வெட்டு தெரிவிக்கிறது.

பயணத்தின் கால அட்டவணையை வகுத்தது பருவக்காற்று. பூஜியன் கரையில் வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். குளிர்காலத்தில் புறப்பட்டுச் சம்பா, சாவகம் வழியாக மலாக்கா வருவார்கள். அங்கே மதிலும் காவலும் கொண்ட பண்டகசாலைகளை அமைத்து, சரக்கையும் நெல்லையும் சேமித்தனர். பிறகு இலங்கை, கோழிக்கோடு. தென்மேற்குக் காற்று தொடங்கியதும் திரும்புதல். இதே காற்றுகளை நம்பித்தான் அரபுக் கலங்களும் சோழமண்டலக் கரையின் கலங்களும் பல நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. மிங் வரலாறு பட்டியலிடும் நாடுகளில் தாமிரபரணிக் கழிமுகத்தின் காயலும், சோழ நாட்டைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் பெயரும் இடம்பெற்றுள்ளன.

வழி காண்பதிலும் இரு உலகங்களும் கலந்தன. சீன மாலுமிகள் காந்த ஊசியைக் கொண்டு திசை அறிந்தனர். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியிலோ, அரபு மாலுமிகள் விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளந்து கப்பலைச் செலுத்தினர். செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடையதாகக் கருதப்படும், 1628-ஆம் ஆண்டின் போர்க்கலை நூல் ஒன்றில் இடம்பெற்ற கடல் வரைபடத்தில் இரண்டு முறைகளும் உள்ளன. அதன் இந்தியக் கரைப் பகுதியில் துறைமுகங்களை ஒட்டி விண்மீன் உயரங்கள் விரற்கணக்கில் குறிக்கப்பட்டுள்ளன.

கோழிக்கோட்டில் விலைபேசியவர்கள்

முதல் மூன்று பயணங்களின் இலக்கு கோழிக்கோடு. அங்கு வணிகம் நடந்த முறையை மா ஹுவான் நேரில் கண்டு விரிவாக எழுதியிருக்கிறார். கப்பல் வந்ததும், சாமூதிரி அரசரின் அலுவலர்களும், செட்டி வணிகரும், தரகரும், சீன அலுவலரும் ஓரிடத்தில் கூடுவர். சீனப் பட்டு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து விலை குறிப்பர். முடிந்ததும் அனைவரும் கையோடு கை கோப்பர். அதன்பின் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறுவதில்லை. அதற்கடுத்த நாள்களில் செட்டிகளும் செல்வந்தர்களும் முத்து, பவளம், மணிக்கற்களைக் கொண்டுவருவர். அந்தப் பேரம் விரைவில் முடிந்தால் ஒரு மாதம். இழுத்தால் மூன்று மாதம்.

மணிச்சட்டம் இல்லாமல், கை விரல்களையும் கால் விரல்களையும் மட்டுமே கொண்டு உள்ளூர்க் கணக்கர்கள் சிறிதும் பிழையின்றிக் கணக்கிட்டது மா ஹுவானை வியப்பில் ஆழ்த்தியது. அந்நகரில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததையும், இந்து அரசரின் அவையில் முஸ்லிம் அலுவலர்கள் பெரும் பொறுப்பில் இருந்ததையும் அவர் குறித்துக்கொண்டார். கொச்சியைப் பற்றிய பகுதியில், செட்டிகளைத் தனி வகுப்பாகவே சுட்டி, சீனக் கப்பல்கள் வரும் காலத்தை எதிர்நோக்கி அவர்கள் மிளகையும் முத்தையும் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைப்பதை விவரிக்கிறார்.

சீனாவிலிருந்து பட்டும், பீங்கானும், கத்தூரியும் போயின. மிளகும், முத்தும், குங்கிலியமும், குதிரைகளும் வந்தன. பொருள்கள் வெறுமனே இடம் மாறவில்லை, உருவமும் மாறின. யோங்லே காலத்து வெள்ளைப் பீங்கான்களில் நீல ஓவியம் தீட்டப் பயன்பட்ட கோபால்ட் தாது மேற்காசியாவிலிருந்து வந்தது. மேற்காசியச் செம்புக் கூசாக்களின் வடிவைப் பார்த்துச் சீனக் குயவர்கள் பீங்கானில் வனைந்தனர். அவை மீண்டும் கப்பலேறி, வடிவம் பிறந்த நாடுகளுக்கே விற்பனைக்குப் போயின. இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சீனக் கலையின் அடையாளமாக வைக்கப்பட்டிருக்கும் நீல வெள்ளைக் கலங்களில் பாதிக் கதை ஈரானின் சுரங்கங்களில் தொடங்குகிறது.

ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து 1415-இல் வந்த ஒட்டகச்சிவிங்கி, சீனப் புராணத்தின் மங்கல விலங்காகக் கொண்டாடப்பட்டதும் உண்டு. அக்கால ஓவியர்கள் அந்த விலங்கை விரும்பி வரைந்தனர்.

காணிக்கைக்குப் பின் போர்

இந்தப் பயணங்களை அமைதித் தூது என்று மட்டும் சொல்வது பொருந்தாது. முதற்பயணத்திலிருந்து திரும்பும் வழியில், பலெம்பாங்கில் கோலோச்சிய சீனக் கடற்கொள்ளைத் தலைவர் சென் சூயியின் கூட்டத்தில் 5,000 பேர் கொல்லப்பட்டதாக அரசவைக் குறிப்பே கூறுகிறது. இலங்கையில் நடந்தது அதனினும் பெரிது.

மூன்றாம் பயணத்தின்போது, 1411-இல், கம்பளை அரசில் அதிகாரம் செலுத்திய வீர அழகேசுவரருக்கும் சீனப் படைக்கும் மோதல் மூண்டது. மிங் அரசவைக் குறிப்பின்படி, அழகேசுவரர் செங் ஹேயை உள்நாட்டுக்கு வரவழைத்துப் பொன் கேட்டு நெருக்கினார். கப்பல்களைக் கொள்ளையிட 50,000 பேரை அனுப்பினார். மரங்களை வெட்டிச் சாய்த்துத் திரும்பும் வழியை அடைத்தார். படை முழுவதும் கரைக்குப் போய்விட்டதால் தலைநகர் காவலின்றி இருக்கும் என்று கணித்த செங் ஹே, 2,000 வீரர்களுடன் மாற்றுப் பாதையில் சென்று அதைத் தாக்கி, அழகேசுவரரையும் குடும்பத்தாரையும் சிறைப்பிடித்தார்.

சிங்கள வரலாற்று நூலான ராஜாவலிய இதை வேறு விதமாகச் சொல்கிறது. பரிசு தருவதாகச் சொல்லி வந்த சீனர்கள், ஏமாற்றி அரசரைக் கொண்டுசென்றனர் என்பது அதன் கூற்று. எது எவ்வாறாயினும், சிறைப்பட்டவர்கள் நான்ஜிங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யோங்லே அவர்களைத் தண்டிக்காமல் விடுவித்தார். ஆனால் அழகேசுவரரின் அதிகாரம் மீளவில்லை. ஆறாம் பராக்கிரமபாகு கோட்டை அரசின் மன்னரானார்.

ஒரே பயணத்தில், ஒரே தீவில், மூன்று சமயத்தாருக்கும் சமமாகக் காணிக்கை செலுத்திய கல்லும் நின்றது. ஆட்சியாளர் சிறைப்பட்டதும் நடந்தது. இரண்டையும் செய்தது ஒரே படை. பேரரசரின் பெருந்தன்மையை ஏற்பவருக்குப் பட்டும் பொன்னும். ஏற்காதவருக்கு வாள் என்பதே அந்த அரசதந்திரத்தின் அடிப்படை. போர்த்துகீசியரைப் போல அவர் கோட்டை கட்டி நிலம் பிடிக்கவில்லை, மதத்தைத் திணிக்கவில்லை என்பது உண்மை. 27,000 பேருடன் துறைமுகத்தில் வந்து நிற்பவரிடம் நட்பை மறுப்பது எளிதன்று என்பதும் உண்மை.

அந்தப் போர் முடிந்து திரும்பிய அதே ஆண்டின் இறுதியில் செங் ஹே குன்யாங்குக்குச் சென்றார். தந்தையின் கல்லறையில் வழிபாடு செய்தார். நினைவுக் கல்லின் பின்புறத்தில் அந்த வருகை பொறிக்கப்பட்டுள்ளது. சிறைப்பிடிக்கப்பட்டு ஊரை விட்டுக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவன் திரும்பி வந்தபோது நாற்பது வயதாகியிருந்தது. ஒரு நாட்டின் ஆட்சியாளரையும் குடும்பத்தையும் சிறைப்பிடித்து ஒப்படைத்து சில மாதங்களே ஆகியிருந்தன.

மக்காவுக்குப் போன ஏழு பேர்

நான்காம் பயணம் முதல் கப்பல்கள் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் வரை சென்றன. பின்னர் ஏடன், ஆப்பிரிக்கக் கரை. 1417-இல் ஐந்தாம் பயணத்தின் தொடக்கத்தில், சுவான்சௌவில் உள்ள பழைய முஸ்லிம் பெரியோர்களின் அடக்கத்தலத்தில் செங் ஹே நறுமணப் புகையிட்டு நல்லருள் வேண்டியதை அங்குள்ள கல் பதிவுசெய்கிறது.

அவருடைய சமயம் எது என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே இன்றும் உண்டு. பௌத்தப் பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. பௌத்த நூல்களை அச்சிடப் பொருள் கொடுத்தார். புயலிலிருந்து காத்த கடல் தேவதைக்குக் கோயில் எழுப்பினார். நான்ஜிங்கின் பள்ளிவாசலைச் செப்பனிட அனுமதியும் கேட்டார். காலிக் கல்லின் மூன்று பகுதிகளையும் அறிந்தவர்களுக்கு இது புதிராகத் தோன்றாது. அவருடைய வாழ்வுக்குள்ளேயே பல வழிபாடுகள் அருகருகே இடம்பெற்றிருந்தன.

1424-இல் யோங்லே இறந்தார். பயணங்களின் செலவைக் கண்டித்து வந்த அமைச்சர்களின் கை ஓங்கியது. தலைநகர் ஏற்கெனவே பெய்ஜிங்குக்கு மாறியிருந்தது. வட எல்லையில் மங்கோலியர் நெருக்கடி, கருவூலத்தில் பற்றாக்குறை. புதிய பேரரசரின் முதல் ஆணைகளில் ஒன்று பயணங்களை நிறுத்துவது. செங் ஹே நான்ஜிங்கின் காவல் தலைவராக அமர்த்தப்பட்டு, பீங்கான் கோபுரம் என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பௌத்த ஆலயக் கட்டுமானத்தை முடிக்கும் பொறுப்பை ஏற்றார். கடலை விட்டு ஏழு ஆண்டுகளுக்குமேல் கரையில் இருந்தார்.

பேரரசர் சுவாந்தே 1430-இல் மீண்டும் ஒரு பயணத்துக்கு ஆணையிட்டார். செங் ஹேக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. புறப்படும்முன், 1431-இல், லியூஜியாகாங்கிலும் சாங்லேயிலும் இரண்டு கல்வெட்டுகளை நாட்டி, முந்தைய ஆறு பயணங்களையும் ஆண்டுவாரியாகப் பதிந்தார். தன் செயல்களை ஏடுகள் காக்கும் என்று அவர் நம்பவில்லை போலும்.

ஏழாம் பயணத்தில் 27,550 பேர் சென்றனர். 1432 டிசம்பரில் கோழிக்கோட்டையும் 1433 ஜனவரியில் ஹோர்முஸையும் முதன்மைப் படை அடைந்தது. அதற்கிடையே, உடன் வந்த மற்றோர் அண்ணகர் தலைவரான ஹொங் பாவ், மக்காவுக்குப் போகும் வணிகர்கள் கோழிக்கோட்டில் இருப்பதைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர் உள்ளிட்ட ஏழு பேரைக் கத்தூரியும் பீங்கானும் கொடுத்து அவர்களுடன் அனுப்பிவைத்தார். போய்வர ஓராண்டு ஆயிற்று. அரிய பொருள்களோடு கஅபாவின் சித்திரம் ஒன்றையும் அவர்கள் கொண்டுவந்தனர். ஏடனில் சரக்கை விற்க முடியாத சீனக் கப்பல்கள் ஜித்தாவுக்கு வர இசைவு கேட்டதையும், எகிப்தின் சுல்தான் பர்ஸ்பாய் அதற்கு இசைந்ததையும் அக்கால எகிப்திய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர்.

பாட்டனும் தந்தையும் போய்வந்த மக்காவுக்குச் செங் ஹே சென்றதாக எந்தப் பதிவும் இல்லை. செங்கடல் வரை தன் கப்பல்களை அனுப்பியவர், ஹாஜி என்ற பட்டமின்றியே வாழ்வை முடித்தார். 1433-இல் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் கப்பல்கள் நின்றிருந்தபோது அவர் உயிர் பிரிந்ததாகவும், உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் பரவலாகக் கூறப்படுகிறது. நான்ஜிங் திரும்பிய பின் இறந்தார் என்போரும் உண்டு.

ஏடுகள் மறைந்த பின்

அதன்பின் அத்தகைய பெரும்படை மீண்டும் புறப்படவில்லை. தனியார் வணிகத்துக்கான தடை நீடித்தது. 1470-களில் மீண்டும் பயணம் தொடங்கும் எண்ணத்துடன் அரசவையில் பழைய ஏடுகள் கேட்கப்பட்டபோது, லியூ தாசியா என்ற அலுவலர் அவற்றை மறைத்துவிட்டார் என்றும் எரித்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. பொருளையும் உயிரையும் விழுங்கிய பயணங்கள் மீண்டும் தொடங்கக் கூடாது என்பது அவர் கருத்து. செங் ஹேயின் கப்பல்கள் கோழிக்கோட்டைக் கடைசியாக விட்டுச் சென்று 65 ஆண்டுகளில், வாஸ்கோட காமா அங்கு வந்திறங்கினார்.

காலிக் கல் குறிப்பிடும் தெனாவரைக் கோயிலை 1588-இல் போர்த்துகீசியர் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1344-இல் அங்கு சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா கண்டு வியந்த பொற்சிலையும் அத்துடன் போயிற்று. காணிக்கையைப் பெற்ற கோயில் அழிந்தது. காணிக்கைப் பட்டியல் மட்டும் சாலையோரச் சிறுபாலத்தின் அடியில், முகம் மறைத்துக் கிடந்தது.

சீனாவில் செங் ஹேயின் நினைவை மீட்டவர்களில் முதன்மையானவர் சீர்திருத்தச் சிந்தனையாளர் லியாங் சிச்சாவ். அந்நியக் கடற்படைகளிடம் நாடு அடிபணிந்து கிடந்த 1900-களின் தொடக்கத்தில், சீனர்களும் கடலை ஆண்டவர்களே என்று நினைவூட்ட அவர் கட்டுரை எழுதினார். முதற்பயணத்தின் 600-ஆம் ஆண்டான 2005 முதல், ஜூலை 11-ஐ சீன அரசு கடல்சார் நாளாகக் கடைப்பிடிக்கிறது. இன்று பெய்ஜிங்கின் தலைவர்கள் இந்தியப் பெருங்கடல் நாடுகளில் துறைமுகத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது, நிலம் பிடிக்காத நண்பர் என்று செங் ஹேயைச் சான்று காட்டுகின்றனர். அழகேசுவரரின் பெயர் அந்த உரைகளில் இடம்பெறுவதில்லை.

மலாக்காவிலும் சாவகத்தின் செமாராங்கிலும் உள்ள சீன வம்சாவளியினர் அவரைத் தெய்வமாகவே வணங்குகின்றனர். நான்ஜிங்குக்கு வெளியே, நியூஷோ மலையடிவாரத்தில் உள்ள அவருடைய கல்லறை 1985-இல் முஸ்லிம் முறைப்படி புதுப்பிக்கப்பட்டு, அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டது. அவர் உடல் அங்கு இல்லை என்றே பலரும் கருதுகின்றனர். ஆண்மை நீக்கப்பட்டவருக்கு வாரிசு ஏது என்ற கேள்விக்கும் விடை உண்டு. யுன்னானில் விட்டுவந்த அண்ணனின் மகனை அவர் தத்தெடுத்துக்கொண்டார். அந்த வழியினர் இன்றும் செங் என்ற பெயரையே தாங்கியுள்ளனர்.